முதல் வாரத்து நரம்புப் பரிசோதனை: இன்றே செய்வதா, பொறுத்துச் செய்வதா?

இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கு வந்து போனது. இப்போது மூன்று நாளாகக் கால் துவள்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. விரல் நுனிகளில் மதமதப்பு. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டுகிறார், கால் உதறவில்லை. கில்லன் பாரே நோயாக (சுருக்கமாக ஜி.பி.எஸ்., உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம் என்று சொல்லி ஒரு சீட்டை நீட்டுகிறார். அதில் மூன்று வரிகள்: நரம்புக் கடத்தல் பரிசோதனை, முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. மூன்றும் வேண்டுமா, எது முதலில், ஒரு வாரம் பொறுத்துச் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமாமே என்று வெளியே நிற்கும் உறவினர்கள் கேட்கிறார்கள்.

நான் அந்த முதல் வரிக்குரிய பரிசோதனையைச் செய்து அறிக்கை எழுதுகிறவன். என் பிழைப்பே அதுதான் என்றாலும் சொல்லிவிடுகிறேன்: கில்லன் பாரே நோயின் முதல் வாரத்தில் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியவை நோயாளி சொல்லும் விவரமும் மருத்துவர் கையிலுள்ள சுத்தியலும்தான். எங்கள் கருவி அவற்றுக்குத் துணை நிற்கும், அவ்வளவே. ஆனால் அதே வகையைச் சேர்ந்த, மாதக்கணக்கில் மெல்ல ஏறி வரும் சி.ஐ.டி.பி. என்ற நாள்பட்ட நரம்பு அழற்சியில் கதை தலைகீழ். அங்கே இந்தப் பரிசோதனை இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தொடங்கக் கூடாது. ஒரே பரிசோதனைக்கு இரண்டு நோய்களில் இரண்டு எடை. இது புரியாததால்தான் ஒருபுறம் ஜி.பி.எஸ். நோயாளிகள் அறிக்கைக்காகக் காத்திருந்து நாட்களை இழக்கிறார்கள்; இன்னொருபுறம் சர்க்கரை நோயால் கால் எரிகிறவர்கள் சி.ஐ.டி.பி. என்ற பெயரில் விலையுயர்ந்த மருந்தை ஏற்றிக்கொள்கிறார்கள்.

முதல் வாரத்தில் கருவிக்கு என்ன தெரியும்?

நரம்பின் மேல் ஓரிடத்தில் சிறு மின்தூண்டல் கொடுத்து, அது தசையையோ தோலில் ஒட்டிய மின்முனையையோ எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலுவோடு சென்றடைகிறது என்று அளக்கிறோம். கையில் நொடிக்கு 50 மீட்டர், காலில் 40 மீட்டர். இதற்குக் குறையாமல் இருந்தால் பெரியவர்களுக்கு வேகம் பொதுவாக இயல்பு. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்தால் வேகம் குறையும், அல்லது செய்தி வழியிலேயே நின்றுபோகும். உள்ளிருக்கும் இழையே பழுதானால் வேகம் பெரிதாகக் குறையாது. அலையின் உயரம் சரியும்.

சிக்கல் எங்கே என்றால், கில்லன் பாரே நோயில் அழற்சி பெரும்பாலும் நரம்பின் இரண்டு முனைகளில் தொடங்குகிறது: முதுகெலும்பை ஒட்டிய வேரிலும், தசைக்குள் நுழையும் நுனியிலும். இரத்தத்துக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள காப்பு அந்த இரண்டு இடங்களில்தான் மெலிந்திருக்கிறது. நாங்கள் வழக்கமாக அளப்பதோ கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அதாவது நடுப்பகுதி. அங்கே மூன்றாம் நாளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ‘நரம்பு டெஸ்ட் நார்மல்’ என்று அறிக்கை வரும். நோயாளி மறுநாள் நிற்க முடியாமல் போவார். மின்முனை வைத்த இடத்தில் நோய் இல்லை. அந்த அறிக்கைக்கு அதற்குமேல் பொருள் கிடையாது.

எனவே இன்றே செய்வதா என்ற கேள்விக்கு முன்னால், என்னென்ன சேர்த்துச் செய்யப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். வேர்ப்பகுதியைத் தொட்டுப் பார்க்க எங்களிடம் இரண்டு வழிகள் உண்டு. கணுக்காலில் தூண்டினால் செய்தி கீழே தசைக்குப் போவதோடு மேலே தண்டுவடத்துக்கும் ஓடுகிறது; அங்குள்ள நரம்பணுவை உசுப்பி மறுபடியும் கீழே வந்து ஒரு சின்னஞ்சிறு அலையை எழுப்புகிறது. அது எஃப் அலை. மெக்லடரியும் மெக்டூகலும் 1950-இல் விவரித்தது. பாதத்தில் அது வந்து சேர ஏறக்குறைய 50 மில்லி நொடி ஆகும். ஒவ்வொரு தூண்டலுக்கும் அதன் உருவம் மாறும் என்பதால் பத்து முறையாவது தூண்டிப் பார்க்க வேண்டும். நோயாளிக்கு அது எரிச்சல்தான். இன்னொன்று கெண்டைக்காலில் எடுக்கும் எச் ரிஃப்ளெக்ஸ். மருத்துவர் குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டிப் பார்ப்பதை மின்சாரத்தால் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

நோய் தொடங்கி ஏழு நாட்களுக்குள் பரிசோதிக்கப்பட்ட 31 பேரைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வு 2001-இல் வெளியானது. அதில் 30 பேருக்கு எச் ரிஃப்ளெக்ஸ் வரவில்லை. பாதிப்பேரிடம் இன்னொரு விசித்திரம் தென்பட்டது: கைவிரல்களின் உணர்வு நரம்பு பாதிக்கப்பட்டிருக்க, கெண்டைக்காலின் வெளிப்புறமாகப் பாதத்துக்கு இறங்கும் சூரல் நரம்பு இயல்பாகவே இருந்தது. சர்க்கரை நோயிலும் மற்ற நாள்பட்ட நரம்புப் பழுதுகளிலும் நீளமான நரம்பு முதலில் வாடும். கால்தான் முன்னே போகும், கை பின்னே வரும். கை போய்க் கால் தப்பியிருந்தால் உடனே அழற்சியை நினைக்க வேண்டும். முதல் வாரத்தில் எனக்குப் பிடித்த தடயம் இதுதான். எச் ரிஃப்ளெக்ஸ் இல்லாததை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்குத் துணிவு வராது. அறுபது வயதைத் தாண்டியவர்களிலும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிலும் அது இல்லாமல் இருப்பது சாதாரணம்.

ஊசி குத்திப் பார்க்கும் இ.எம்.ஜி.யை முதல் வாரத்தில் கேட்டு வாங்க வேண்டாம். நரம்பு அறுபட்ட தசை தன்பாட்டில் துடிக்கத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை குத்திக் காணப்போவது, நோயாளியால் தசையை முழுதாக இயக்க முடியவில்லை என்பது மட்டும்தான். அது அவர் நடையிலேயே தெரிகிறது.

பரிசோதனை நடக்கும் விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிரூட்டிய அறை, குளிர்ந்த பாதம். தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் குறைகிறது. 26 டிகிரியில் இருக்கும் பாதத்தை அப்படியே அளந்தால், நோயே இல்லாத நரம்பு நோயுற்றதைப் போல நொடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் மெதுவாகத் தோன்றும். கை 32 டிகிரிக்கு வரும்வரை, கால் 30 டிகிரிக்கு வரும்வரை வெந்நீர்ப் பையோ கம்பளியோ போட்டுச் சூடேற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கும் நாளில் முதலில் கைவிடப்படும் வேலை இது.

பொறுத்துச் செய்தால் என்ன கிடைக்கும், என்ன போகும்?

இரண்டாம் வார இறுதியில் படம் தெளிவாகும் என்பது உண்மை. உறை சிதைந்த வகையா, இழையே தாக்கப்பட்ட வகையா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியும். முதல் வாரத்தில் அதைச் சொல்வது ஆபத்து. மேலே வேரருகில் அறுபட்ட நரம்பிழைகூட, கீழ்த்துண்டில் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை செய்தியைக் கடத்திக்கொண்டே இருக்கும். உணர்வு நரம்பு பத்து நாள் வரை. அதனால் முதல் வாரத்து அலையைப் பார்த்து ‘இவர் சீக்கிரம் தேறிவிடுவார்’ என்று சொல்வதும் ‘இவர் நடப்பது கடினம்’ என்று சொல்வதும் ஜோசியம்.

ஆனால் அந்தத் தெளிவுக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். இந்த நோயில் பயன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, இரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றம், இன்னொன்று, ஐ.வி.ஐ.ஜி. எனப்படும், இரத்தக்குழாய் வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) மருந்து. 1997-இல் வந்த பெரிய ஒப்பீட்டில் இரண்டும் சமமான பலன் தந்தன. ஐ.வி.ஐ.ஜி.யை நோய் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் ஏற்ற வேண்டும். பிளாஸ்மா மாற்றத்துக்கு நான்கு வாரம் வரை இடமுண்டு, ஆனாலும் முந்தினால் நல்லது. தெளிவான அறிக்கை வரும்வரை காத்திருப்பவர் அந்த இரண்டு வாரத்தையும் காத்திருப்பிலேயே கழித்துவிடுகிறார். உறை வகையா இழை வகையா என்று தெரிந்துவிட்டால் சிகிச்சை மாறுமா? மாறாது. இரண்டுக்கும் இதே மருந்துதான்.

ஆகவே ஜி.பி.எஸ். நோயாளி எல்லோருக்கும் இரண்டாவது பரிசோதனை செய்வதை நான் ஆதரிப்பதில்லை. முதல் அறிக்கை தெளிவில்லாமல் இருந்து, நோய் இதுதானா என்ற ஐயமும் தீராதபோது மட்டும் செய்யலாம். வகைப்படுத்தும் ஆர்வம் ஆராய்ச்சியாளருக்கு உரியது. படுக்கையில் கிடப்பவரின் குடும்பம் அதற்கு மறுபடியும் சில ஆயிரம் ரூபாய் கட்டத் தேவையில்லை.

காத்திருக்கக் கூடாததற்கு இன்னும் பெரிய காரணம் மூச்சு. இந்த நோயில் நான்கைந்து பேரில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது. அது முன்னறிவிப்போடு வருவதில்லை. முகம் நீலம் பாரிப்பதற்கோ, மூச்சிரைப்பதற்கோ காத்திருந்தால் தாமதம்தான். நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். காலையில் முப்பது வரை எண்ணியவர் மாலையில் பதினெட்டில் நின்றால், அந்தச் செய்தி என் அறிக்கையில் உள்ள எந்த எண்ணை விடவும் முக்கியம். உயிர்க்கொள்ளளவு (முழு மூச்சை இழுத்து ஊதி வெளிவிடக்கூடிய காற்றின் அளவு) உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவை. நரம்புப் பரிசோதனைக் கருவி இருந்தும் வென்டிலேட்டர் இல்லாத மருத்துவமனையையும், வென்டிலேட்டர் இருந்தும் கருவி இல்லாத மருத்துவமனையையும் முன்னால் வைத்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கழுத்தைத் தூக்க முடியாதவரை, எச்சில் விழுங்கத் திணறுபவரை ஆம்புலன்ஸில் ஏற்றி ‘டெஸ்ட் மட்டும் எடுத்துவிட்டு வாருங்கள்’ என்று இன்னொரு கட்டடத்துக்கு அனுப்புவதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

முதுகு நீர்: பயத்துக்கும் பயனுக்கும் நடுவே

1916-இல், முதல் உலகப் போரின் நடுவில், கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் கால்கைகள் வலுவிழந்த இரண்டு சிப்பாய்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் தண்டுவட நீரில் புரதம் கூடியிருந்தது, ஆனால் அணுக்கள் கூடவில்லை. தொற்று என்றால் இரண்டுமே கூடும். இந்த முரண்தான் நோயின் அடையாளமாக நிலைத்தது. தசை எதிர்வினைகளை மின்கருவியால் பதிவு செய்தவர் ஸ்ட்ரோல். நோயின் பெயரிலிருந்து உதிர்ந்துபோனவரும் அவரே. எங்கள் தொழிலுக்கு அன்றிலிருந்தே அந்த ராசி.

முதல் வாரத்தில் இந்தப் பரிசோதனையும் பாதிக் கண்ணால்தான் பார்க்கிறது. மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரையிலானவர்களுக்குப் புரதம் இயல்பாக இருக்கும். நாள் போகப் போகத்தான் ஏறும். எனவே ‘புரதம் நார்மல், ஆகவே ஜி.பி.எஸ். இல்லை’ என்பது ‘நரம்பு டெஸ்ட் நார்மல், ஆகவே ஜி.பி.எஸ். இல்லை’ என்பதைப் போன்றே தவறு. ஆனால் நீர் எடுப்பதன் உண்மையான பயன் புரதத்தில் இல்லை, அணுக்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டரில் 50-க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்தால் வேறு எதையோ தேட வேண்டும்: எச்.ஐ.வி., தொற்று, நரம்பு வேர்களில் பரவிய புற்று. இதை நரம்புக் கடத்தல் பரிசோதனை ஒருபோதும் சொல்லாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி இருக்கிறது, நோயும் ஐயமாக இருக்கிறது என்றால் முதல் வாரத்தில் நான் நீருக்கே முதலிடம் தருவேன்.

‘முதுகில் நீர் எடுத்தால் இடுப்பு விழுந்துவிடும்’ என்ற பயம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஊசி இறங்கும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு வரும் கீழ்ப்பகுதி; அங்கே மிதப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி வரும், எழுந்தால் கூடும், படுத்தால் குறையும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய பிறகு நீரில் புரதமும் அணுக்களும் மருந்தாலேயே கூடலாம். நீர் எடுப்பதென்றால் முதல் பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே எடுத்துவிட வேண்டும். எதிர்ப்பொருள் பரிசோதனைக்கான இரத்தமும் அப்படியே. கண் அசையாமல் நின்று, நடை தள்ளாடி, மறிவினை (சுத்தியலால் தட்டினால் தசை உதறுவது) இழந்துவரும் மில்லர் ஃபிஷர் என்ற ஜி.பி.எஸ். வகையில் ஜி.கியூ.1பி எதிர்ப்பொருள் மிகப் பெரும்பாலோரிடம் இருக்கும்; அங்கே நரம்புக் கடத்தலைவிட அந்த இரத்தப் பரிசோதனை கூர்மையானது. வழக்கமான ஜி.பி.எஸ்.ஸில் அதன் முடிவு வருவதற்குள் சிகிச்சையே முடிந்துவிடும்.

எம்.ஆர்.ஐ.யும், யாரும் சீட்டில் எழுதாத சிலவும்

முதுகுத் தண்டை எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் ஜி.பி.எஸ்.ஸைக் கண்டுபிடிக்க அல்ல, தண்டுவட நோயை விலக்க. தொடக்கத்திலேயே சிறுநீர் அடைத்துக்கொண்டால், மார்பிலோ வயிற்றிலோ ஒரு கோடு போட்டதுபோல் அதற்குக் கீழே உணர்வு இல்லையென்றால், மறிவினைகள் தணியாமல் துள்ளினால் எம்.ஆர்.ஐ.தான் முதல் பரிசோதனை. மற்ற இரண்டும் பின்னால் வரட்டும். தண்டுவடத்தை அழுத்தும் கட்டியோ சீழோ இருந்தால் மணிநேரக் கணக்கு. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாதவருக்கு அதைத் தவிர்க்கலாம்.

மூன்றையும் விட மலிவானது இரத்தத்தில் பொட்டாசியம். பொட்டாசியம் சரிந்தால் ஒரே இரவில் கைகால் விழுந்துவிடும். சரியான அளவில் கொடுத்தால் ஒரு நாளில் எழுந்துவிடுவார். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும் புதுச்சேரிப் பக்கமும் ஒடுவந்தழை என்ற விஷ இலையை அரைத்துக் குடித்தவர்களுக்குப் பொட்டாசியம் இப்படித்தான் கீழே போகிறது. விஷயத்தை வீட்டார் மறைப்பதும் உண்டு. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை சரிந்து, பேச்சுக் குழறினால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அதன் கடிவாய் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. இந்த இரண்டையும் கேட்டறியாமல் நரம்பு ஆய்வகத்துக்குச் சீட்டு எழுதுவது முறையில்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் அரசுக்குத் தகவல் போகும், போலியோ இல்லை என்று உறுதி செய்ய இரண்டு முறை மலம் பரிசோதனைக்குப் போகும். பெற்றோர் அதைக் கண்டு பதற வேண்டாம். திடீரென்று கைகால் துவளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் விதி.

2025 தொடக்கத்தில் புனேயில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இந்த நோயின் அறிகுறிகளோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பலரின் மல மாதிரிகளில் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா இருந்தது, சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. அப்படி ஊரே நோயுற்றிருக்கும் சமயத்தில் வயிற்றுப்போக்குக்குப் பின் கால் துவண்டு வருபவரிடம் பரிசோதனைகளின் எடை இன்னும் குறைகிறது. ஐயத்துக்கு இடமில்லாத நோயை உறுதிப்படுத்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மாதக்கணக்கில் வரும் நோயில் கணக்கு மாறுகிறது

வலுக்குறைவு எட்டு வாரங்களைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால், அல்லது குறைந்து குறைந்து திரும்ப வந்தால் சி.ஐ.டி.பி. என்ற பெயர் எழும். இங்கே நேர நெருக்கடி இல்லை. ஆனால் சிகிச்சை நீண்டது: மாதக்கணக்கில் ஸ்டீராய்டு, அல்லது ஐ.வி.ஐ.ஜி. மீண்டும் மீண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு முழுச் சுற்று 120 கிராம். 5 கிராம் பாட்டிலாக வாங்கினால் 24 பாட்டில். சந்தை விலையில் லட்சங்களைத் தொடும். ஜி.பி.எஸ்.ஸில் பயனற்ற ஸ்டீராய்டு இங்கே பயன் தருகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். இரண்டையும் குழப்பினால் இருபக்கமும் நஷ்டம்.

அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், சி.ஐ.டி.பி. என்ற முத்திரையோடு சிறப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த நோய் இல்லை. தவறு நேர்ந்த இடங்கள் என் அனுபவத்திலும் அவையேதான். நரம்பிழைகள் பெருமளவு அழிந்துபோனால் மிச்சமிருக்கும் மெல்லிய இழைகள் தாமே மெதுவாகக் கடத்தும். அதை உறைச் சிதைவு என்று படித்துவிடுகிறார்கள். மணிக்கட்டில் நசுங்கிய மீடியன் நரம்பைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளியின் தண்டுவட நீரில் புரதம் சற்றே கூடியிருப்பதைச் சான்றாக எடுக்கிறார்கள். சர்க்கரை வீட்டுக்கு வீடு இருக்கும் நம் மாநிலத்தில் இந்தப் பிழைக்கு எவ்வளவு இடம் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே இங்கே நான்கு கைகால்களிலும் முழுமையான நரம்புக் கடத்தல் பரிசோதனை கட்டாயம். ஒரு நரம்பில் மட்டும் வேகம் குறைந்தால் போதாது. குறைந்தது இரண்டு இயக்க நரம்புகளில் உறைச் சிதைவின் தெளிவான அடையாளம் வேண்டும் என்பதே ஐரோப்பிய நரம்பியல் வல்லுநர்களின் 2021 வழிகாட்டி கேட்பது. மேலே தூண்டும்போது அலை பாதியாகச் சரியும் கடத்தல் தடை கிடைத்தால் வலுவான சான்று. மாறாக, எல்லா நரம்பும் ஒரே சீராக மெதுவாக இருந்தால் பரம்பரை நோயை நினைக்க வேண்டும். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணந்தவர்களா, சிறுவயது முதலே செருப்பு காலில் நிற்காதா என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். செருப்பு கழன்று விழுந்ததும் தெரிகிறதா, பத்தடி நடந்த பின்தான் தெரிகிறதா என்றும் கேளுங்கள். முன்னது பாதத்தசையின் குறை, பின்னது உணர்வின் குறை.

அல்ட்ராசவுண்டு இப்போது இதற்குப் போட்டியாக வந்திருக்கிறது. வலி இல்லை, மின்தூண்டல் இல்லை, பத்துப் பதினைந்து நிமிடம். முழங்கைக்குக் கீழே மீடியன் நரம்பின் குறுக்களவு 10 சதுர மில்லிமீட்டரையும், மேல்கையில் 13-ஐயும் தாண்டினால் சி.ஐ.டி.பி.க்கு ஆதரவு. குழந்தைகளுக்கும், கடத்தல் முடிவு இரண்டுங்கெட்டானாக இருப்பவர்களுக்கும் இது நல்ல துணை. ஆனால் பரம்பரை நோயிலும் நரம்பு தடிக்கும், தொழுநோயிலும் தடிக்கும். பழகிய கண் இல்லாத இடத்தில் இதை நம்பி மருந்து தொடங்க எனக்கு மனம் வராது.

தொழுநோயை இந்தியாவில் மறந்துவிட்டு நரம்பு அழற்சியைப் பற்றிப் பேச முடியாது. நரம்புக் கடத்தல் பரிசோதனை உண்மையிலேயே முந்திக்கொள்வது அங்கேதான். உத்தரப் பிரதேசத்தில் புதிய தொழுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை மாறுவதற்குப் பல நேரம் பன்னிரண்டு வாரமோ அதற்கு மேலோ முன்பே உணர்வு நரம்பின் கடத்தல் மாறியது. அந்த இடைவெளியில் ஸ்டீராய்டு தொடங்கினால் ஒரு கையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. வெளிறிய தேமலும், முழங்கையில் கயிறுபோல் தடித்த அல்நார் நரம்பும் இருப்பவருக்கு ஐ.வி.ஐ.ஜி. ஏற்றுவது வெட்கக்கேடு, அதைத் தவிர்க்க விரலால் தடவிப் பார்த்தாலே போதும்.

நரம்பை வெட்டி எடுக்கும் பயாப்ஸி கடைசி. பாதத்தின் வெளிப்புறம் நிரந்தரமாக மரத்துப்போகும். இரத்தக்குழாய் அழற்சி, தொழுநோய், அமிலாய்டு எனும் புரதப் படிவு என்ற ஐயம் இருந்தால் அதற்கு ஈடு இல்லை, சி.ஐ.டி.பி.யை மட்டும் உறுதி செய்ய அதைக் கேட்டால் இரண்டாவது கருத்து வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் எந்த நரம்பு பழுதானது என்று கடத்தல் பரிசோதனையில் பார்த்திருக்க வேண்டும். நல்ல நரம்பை எடுத்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை வாங்கி என்ன பயன்?

ஜி.பி.எஸ். என்று தொடங்கியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் பின்னால் சி.ஐ.டி.பி. என்று தெரியவருகிறார்கள். சிகிச்சைக்குப் பின் தேறி மூன்று முறையோ அதற்கு மேலோ சரிந்தால், அல்லது எட்டு வாரம் கழித்தும் வலு குறைந்துகொண்டே போனால் அந்த ஐயம் வர வேண்டும். மேலே வேண்டாம் என்று சொன்ன இரண்டாவது பரிசோதனை இவர்களுக்கு அவசியம். அப்போது முதல் வாரத்து அறிக்கைதான் ஒப்பிட உதவும். ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பணம் கட்டி வாங்கும்போதே அலைப்படங்களும் அளவுகளும் உள்ள பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். தோலின் வெப்பநிலை எழுதியிருக்கிறதா, எஃப் அலை, எச் ரிஃப்ளெக்ஸ், கையிலும் காலிலும் உணர்வு நரம்புகள், இவை நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது முறை முடிந்தால் அதே ஆய்வகத்துக்குப் போங்கள், முதல் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறை அணிந்துகொண்டு.